வாழைக்காய் மண்ணுக்குள் காய்த்த கதை

என் மாமியார் என்னிடம் பேசமாட்டார். பூனையிடம்தான் பேசுவார்.

அது எங்கள் பூனைகூட இல்லை. அண்ணனூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த தெருவில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக அலைந்துகொண்டிருந்த ஒரு சாம்பல் நிறப் பூனை. காலையில் எங்கள் பின்வாசலுக்கு வந்து வாலைச் சுருட்டிக்கொண்டு உட்காரும். அத்தை அதற்கு ஒரு கரண்டி தயிர்ச்சோறு வைத்துவிட்டு, அடுப்படியில் நிற்கும் எனக்குக் கேட்கிற மாதிரி அதனிடம் முறையிடுவார்.

"பாத்தியா பூனே, ரசத்துல உப்பே இல்ல. சில பேருக்கு ஆபீசு ஞாபகம்."

நான் ரசத்தில் உப்புப் போடுவேன். பூனை சோற்றைத் தின்னும். இரண்டு வருடம் எங்கள் குடும்பம் இப்படித்தான் நடந்தது. சண்டை என்று ஒன்று வந்ததே இல்லை. சண்டை போடுவதற்கும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியாக வேண்டுமே!

எங்களுடையது காதல் கல்யாணம். அப்படிச் சொன்னால் பெரிய வார்த்தையாக இருக்கிறது, ரயில் கல்யாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்பத்தூரில் சித்தி வீட்டில் தங்கி ஆவடிக்கு டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போன நானும், அண்ணனூரில் ஏறி ஆவடித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன அவரும் ஒரே பெட்டியில் வந்துகொண்டிருந்தோம். ஒருநாள் இருவரும் பதிவு அலுவலகத்தில் போய் இறங்கிவிட்டோம். என் ஊர் குத்தம்பாக்கம். அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக் களை பறித்துப் பிழைத்தவர்கள். என் வீட்டுக்காரர் குடும்பத்துக்குச் சொந்தமாக நிலம் இருந்ததாம், எந்தக் காலத்திலோ. அந்த நிலம் போய்விட்டது. நிலம் இருந்தது என்கிற நினைப்பு மட்டும் அத்தையிடம் பத்திரமாக இருந்தது.

வருடத்தில் முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் அந்த வீட்டில் நான்தான் சமைத்தேன். அத்தை சாப்பிட்டார், பூனையிடம் குறை சொன்னார், மறுபடியும் போட்டுக்கொண்டார். மீதி ஒரே ஒரு நாள்தான் எனக்கு அடுப்படியில் இடம் இல்லை. அது தை அமாவாசை. என் மாமனாரின் திதி அன்றுதான் வரும்.

கல்யாணம் ஆகி வந்த முதல் வருடம் விடிகாலையில் குளித்துவிட்டு அரிவாள்மணையை எடுத்துப் போட்டேன். அத்தை பூனையைப் பார்த்துச் சொன்னார்: "இன்னைக்கிப் பெரியவரு வர்ற நாளு பூனே. வேத்துக் கை படாம இருந்தா நல்லது."

நான் அரிவாள்மணையை மடக்கிவிட்டுப் பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தேன். படையல் முடிந்து காக்காய் சோறு எடுத்து, எல்லாரும் சாப்பிட்ட பிறகு எனக்கு இலை போட்டார்கள். பூனைக்கும் எனக்கும் அன்று ஒரே தலைப்பு. இரண்டாவது வருடமும் அதே படி, அதே பூனை. அழவில்லை. கோபம் வந்தால் எனக்கு அழுகை வராது, பசிதான் வரும். நன்றாகச் சாப்பிட்டேன்.

தலைப்பு என்று சொன்னேன் அல்லவா, அது என் வேலையிலிருந்து ஒட்டிக்கொண்ட வார்த்தை. அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்தெரு ஒன்றில், தகரக் கூரை போட்ட ஒரு குடோனில் எனக்கு வேலை. முதலாளி பூந்தமல்லிக்காரர், காய்கறி வியாபாரத்திலேயே பிறந்து வளர்ந்த பாய். துபாயில் இருக்கும் நம் ஆட்கள் சேனைக்கும் சேப்பங்கிழங்குக்கும் ஏங்கிக் கிடக்கிறார்கள் என்று யாரோ சொல்லப்போக, விமானத்தில் ஏற்றி அனுப்பத் தொடங்கியிருந்தார். எங்கள் ஊரிலிருந்து வந்த ஓர் அக்காவும் இன்னும் நான்கு பெண்களும் கிழங்குகளைக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, அட்டைப்பெட்டியில் அடுக்குவார்கள். பெட்டியில் என்ன இருக்கிறது என்று இங்கிலீஷில் டைப் அடித்துக் கொடுப்பது என் வேலை. அதற்குப் பக்கத்திலேயே சுங்கத்துக்காரர்களுக்காக ஓர் எண்ணும் அடிக்க வேண்டும்.

அந்த எண்ணில்தான் இருந்தது வம்பு. உலகத்தில் கப்பல் ஏறுகிற, விமானம் ஏறுகிற எல்லாப் பொருளுக்கும் ஓர் எண் உண்டு. குதிரைக்கும் உண்டு, குண்டூசிக்கும் உண்டு. அதெல்லாம் ஒரு தடிப் புத்தகத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இருக்கிறது. கிளியரிங் ஏஜென்ட், அதாவது நமக்காகச் சுங்கத்தில் கியூவில் நிற்பவர், அதில் நமக்கு வேண்டிய பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருந்தார். நான் என்ன செய்தேன்? ஏழாம் அத்தியாயம் காய்கறி. முதல் தலைப்பே உருளைக்கிழங்கு. ஆகா, கிழங்கு கிடைத்துவிட்டது என்று எல்லாப் பெட்டிக்கும் ஏழு ஒன்று, ஏழு ஒன்று என்று அடித்துத் தள்ளிவிட்டேன். பக்கத்தைத் திருப்பவே இல்லை. என் சாமர்த்தியம் அவ்வளவுதான்.

அந்தச் சரக்கு துபாயில் நின்றுவிட்டது. காகிதத்தில் உருளைக்கிழங்கு, பெட்டியைத் திறந்தால் யானைக் கால் மாதிரி சேனை. அவர்கள் சரக்கை விடுவிப்பதற்குள் பாதிச் சேப்பங்கிழங்கு முளைவிட்டிருந்ததாம். பாய் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"பாப்பா, சேனையப் போயி உருளைன்னு எழுதிக்கீறியே. என்னப் போயி கல்யாணப் பொண்ணுன்னு எழுதுனா மாதிரி கீது" என்றார்.

கழுவுகிற பெண்கள் சிரித்த சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. அன்றிலிருந்து பாயை அவர்கள் தங்களுக்குள் 'கல்யாணப் பொண்ணு' என்றுதான் கூப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த ஜெராக்ஸைப் படித்தேன். படிக்கப் படிக்கத் தலை சுற்றியது. உருளைக்கு ஒரு வீடு. வெங்காயமும் பூண்டும் இன்னொரு வீட்டில். கேரட், முள்ளங்கிக்கு வேறு வீடு. இஞ்சியும் மஞ்சளும் காய்கறி அத்தியாயத்திலேயே இல்லை, மசாலாச் சாமான்களோடு போய்விட்டன. வேர்க்கடலை எண்ணெய் வித்துக்களோடு. கடைசியில் ஏழு பதினான்கு என்று ஒரு தலைப்பு: மாவுச்சத்து நிறைந்த வேர்களும் கிழங்குகளும். அதில் மரவள்ளி இருந்தது, சர்க்கரைவள்ளி இருந்தது. ஜெருசலேம் என்று பெயர் கொண்ட ஏதோ ஒரு கிழங்குகூட இருந்தது. சேனை இல்லை, கருணை இல்லை, சேப்பங்கிழங்கு இல்லை.

"ஜெருசலேம் கெழங்கா? கொத்தவால் சாவடியில முப்பது வருசமா கீறேன், அப்பிடி ஒண்ண நான் கண்டதே இல்ல" என்றார் பாய்.

"இது மாதிரி இருக்கிற மத்ததெல்லாம் இதிலேயே சேரும்னு போட்டிருக்கு பாய்."

"எது மாதிரி? நம்ம குடோன்ல மண்ணுக்குள்ள வெளஞ்சது பத்துப் பன்னெண்டு கீது. எது எது மாதிரின்னு நீதான் சொல்லணும்."

எது எது மாதிரி! அதைத்தான் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்கள் அம்மா வீட்டில் கிழங்கில் இரண்டே வகைதான். கிடைத்தது, கிடைக்காதது.

அந்த மூன்றாவது வருடம் தை அமாவாசை நெருங்கியது. பாய்க்கு எங்கள் நாள்காட்டி என்னைவிட அத்துப்படி. "அமாவாசக்கி அங்க எல்லாரும் படையல் போடுவாங்க பாப்பா. கெழங்கோட வாழக்காயும் அனுப்பணும். முந்தின நாள் சாயங்காலம் பிளேன்ல ஏத்துனா மறுநாள் காலையில கடையில நிக்கும்" என்றார். இந்த முறை எண் தப்பக் கூடாது என்றும் சொன்னார். தப்பினால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை.

வீட்டிலும் அதே வாரம் ஒன்று நடந்தது. ஒவ்வொரு வருடமும் படையல் காய் வாங்கி வருவது என் வீட்டுக்காரர் வேலை. அந்த வருடம் அவருக்குத் தொழிற்சாலையில் இரட்டை ஷிப்ட். இரண்டு நாள் முன்னதாகவே மற்றதையெல்லாம் வாங்கிவிடுகிறேன், வாழைக்காய் மட்டும் முந்தின நாள் வாங்கினால்தான் பச்சையாக இருக்கும், அன்று எனக்கு நேரம் இல்லை என்றார். அத்தை மகனை ஒரு தடவை பார்த்தார். பிறகு பூனையைப் பார்த்தார்.

"அம்பத்தூர் மார்க்கெட்டு வழியா வர்றவங்க யாராச்சும் அஞ்சு வாழக்கா வாங்கியாந்தா சரி பூனே. அடிபடாத காயா, ரெட்டக் காய் இல்லாம."

கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். படையலுக்குப் போகிற காயை நான் தொடப்போகிறேன்! அடுப்படிக்குள் இன்னும் விடவில்லைதான். ஆனால் கதவு ஒரு விரற்கடை திறந்த மாதிரி இருந்தது. இந்த ஐந்து வாழைக்காயைச் சரியாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டால் அடுத்த வருடமாவது அந்தப் படியில் உட்காரவேண்டி இருக்காது. அந்த வாரம் முழுக்க எனக்கு அந்த ஒரே நினைப்புதான்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மகனுக்கு அத்தை பட்டியல் சொன்னார். நான் கூடத்து மூலையில் ஜெராக்ஸை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"உருளை ஆவாது. கேரட்டு, பீட்ரூட்டு ஆவாது. முள்ளங்கி ஆவாது. வெங்காயமும் பூண்டும் வாசப்படியே தாண்டக் கூடாது. இஞ்சி, மஞ்சளு காய்க் கணக்குல வராது, அது அஞ்சறப்பெட்டிச் சாமான். வாழக்கா, சேனை, கருணை, சேப்பங்கெழங்கு, சக்கரவள்ளி. இது அஞ்சும் ஆவும்."

எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. ஜெராக்ஸைப் பார்த்தேன். உருளை தனி. வெங்காயம், பூண்டு தனி. கேரட், முள்ளங்கி தனி. இஞ்சியும் மஞ்சளும் அஞ்சறைப்பெட்டியில். எந்தெந்த தேசத்து அதிகாரிகளோ கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து எத்தனையோ நாள் மண்டையை உடைத்துக்கொண்டு போட்ட கோட்டை, என் மாமியார் கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடியே போட்டுவிட்டார்.

"மரவள்ளி?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

அத்தை வெற்றிலையை மடித்தார். "ஆவாதுதான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா ஆவும். உங்கப்பாருக்கு அதுன்னா உசுரு" என்றார்.

ஆக, மரவள்ளியும் உள்ளே வந்துவிட்டது. புத்தகத்துக்கும் அத்தைக்கும் இருந்த ஒரே வழக்கும் தீர்ந்தது. அப்போதே பென்சிலை எடுத்து, அத்தை சொன்ன வரிசை மாறாமல் எழுதிக்கொண்டேன். மறுநாள் குடோனில் அதைப் பார்த்து அப்படியே டைப் அடித்தேன். காதில் அத்தையின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு பொருள், ஆறுக்கும் ஏழு பதினான்கு. பயிர் நோய் இல்லை என்கிற சான்றிதழுக்கும் அதே பட்டியலை அனுப்பினேன். கிளியரிங் ஏஜென்ட்டின் ஆள் நான் எழுதியதை ஒற்றெழுத்துக்கூட மாற்றாமல் பிரதி எடுக்கிற உத்தமர். இத்தனைக்கும் என்னுடைய அப்பா வீட்டுக் கொல்லையில் வாழை நின்றது. குலை தள்ளுவதை நான் பார்த்திருக்கிறேன். யாரிடம் போய்ச் சொல்ல!

முந்தின நாள் மதியம் பாய் என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டு மீனம்பாக்கம் போனார். "எதுனா கேட்டா நீதான் பதில் சொல்லணும்" என்றார். நான் கம்பீரமாக உட்கார்ந்திருந்தேன். திரும்பும்போது அம்பத்தூர் மார்க்கெட்டில் இறங்கி வாழைக்காய் வாங்கவேண்டும் என்பது மட்டும்தான் மனதில்.

சரக்குக் கொட்டகையில் இருந்த அதிகாரி மூக்குக்கண்ணாடி போட்டவர், மெதுவான குரல். கத்துகிறவர்களை நம்பலாம், மெதுவாகப் பேசுகிறவர்களை நம்பக் கூடாது. அவர் காகிதத்தைப் படித்தார், பெட்டியைத் திறக்கச் சொன்னார். சேனையைத் தட்டிப் பார்த்தார். சேப்பங்கிழங்கை முகர்ந்து பார்த்தார். தலையை ஆட்டினார். எனக்குள் ஒரு பெருமை பொங்கி வந்தது. பிறகு ஒரு வாழைக்காயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். காகிதத்தைப் பார்த்தார். வாழைக்காயைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இது எந்தத் தோட்டத்துல மண்ணுக்குள்ள காய்ச்சுது?"

பாய் எட்டிக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, மெல்லத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரிக்கிறார்!

"எப்படிம்மா இந்தப் பட்டியலப் போட்டீங்க?" என்றார் அதிகாரி. பொய் சொல்ல எனக்குப் புத்தி ஓடவில்லை. மாமனார் திதி, அத்தை சொன்ன ஐந்து காய், மரவள்ளிக்குக் கிடைத்த சலுகை, எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கருணை உண்டா உங்க வீட்ல? எங்க வீட்ல படையலுக்குக் கருணை கிடையாது."

பெட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த லோடுக்காரர் அப்படியே நின்றுவிட்டார். "இன்னா சார் சொல்றே? கருணை இல்லாம இன்னா படையலு? எங்க ஊட்ல கருணையும் வாழக்காயும் இல்லேன்னா காக்காவே வராது சார்."

"அது நாக்கு அரிக்கும்யா."

"புளி ஊத்தி வேக வெச்சா எங்க சார் அரிக்கிது? உங்க ஊட்ல வேக வெக்கத் தெரிலன்னு சொல்லு."

அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. விமானத்துக்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது. இவர்கள் இருவரும் புளியில் நின்றுகொண்டிருந்தார்கள். பாய்தான் நடுவில் புகுந்தார். "எங்க ஊட்ல எல்லாமே ஆவும் சார். பிரியாணியில உருளைக்கெழங்கு போட்டா மட்டும் தலாக்குதான்" என்றார். அதிகாரி சிரித்துவிட்டார். சிரித்தபடியே பேனாவை எடுத்தார்.

"மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு. சேனை, கருணை எல்லாம் 'மற்றவை'ங்கிற வரியில வரும், நான் திருத்திக்கறேன். ஆனா வாழைக்காய் எட்டாம் அத்தியாயம். பழம். சான்றிதழ்லயும் அதைக் கிழங்குன்னு போட்டுட்டீங்க. அந்த நாலு பெட்டிய இறக்கிட்டா மத்ததுக்கு இப்பவே கையெழுத்து." கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "உங்க மாமியாருக்கு இங்க ஒரு நாற்காலி போடலாம்மா" என்றார்.

பொரியலும் வறுவலும் செய்கிற வாழைக்காய் அவர்கள் புத்தகத்தில் பழமாம். அந்தப் புத்தகத்தையும் ஒருநாள் கண்ணாடிக்காரர் மாதிரி யாராவது பிடித்து உட்கார வைத்துக் கேட்க வேண்டும். கிழங்குகள் விமானம் ஏறின. நான்கு பெட்டி வாழைக்காயும் நானும் பாயும் வேன் ஏறினோம்.

போரூர் தாண்டும்போதே இருட்டத் தொடங்கிவிட்டது. அம்பத்தூர் மார்க்கெட் மூடிவிடும் என்ற பதற்றத்தில், பூந்தமல்லியிலேயே நிறுத்தச் சொல்லிக் கடைத்தெருவுக்குள் ஓடினேன். அமாவாசைக்கு முந்தின சாயங்காலம் எந்தப் பைத்தியக்காரியாவது வாழைக்காய் தேடுவாளா? கடை கடையாக ஏறி இறங்கினேன். கிடைத்தது இரண்டு. ஒன்று அடிபட்டுக் கறுத்தது. இன்னொன்று இரட்டைக் காய்.

வெறுங்கையோடு திரும்பினேன். பாய் வேன் கதவில் சாய்ந்து நின்றார்.

"பின்னாடி நாலு பெட்டி வாழக்காய வெச்சிகினு எதப் பாப்பா தேடினு கீறே?"

என்ன சொல்வது? இந்தக் காயை நீங்கள் பொறுக்கினீர்கள், என் ஊர் அக்கா கழுவினாள், இதை எங்கள் வீட்டுப் படையலில் ஏற்றுக்கொள்ளமாட்டார்கள் என்றா? அவர் சம்பளத்தில் சாப்பிட்டுக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வேன்? அவமானமாக இருந்தது. எனக்காக இல்லை, அவருக்காக. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாய் புரிந்துகொண்டார். அதுதான் இன்னும் மோசம்.

கொஞ்ச தூரம் வண்டி ஓடிய பிறகு சொன்னார்: "எடுத்துகினு போ பாப்பா. யாரு தொட்டாங்கன்னு கேட்டா உள்ளத உள்ளபடி சொல்லிடு. இல்லாதத எழுதினா சரக்கு எங்கயாச்சும் நின்னுடும். பாத்தே இல்ல?"

அண்ணனூரில் ஒரு பெட்டியை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார். மற்ற மூன்றையும் எங்கள் தெருவிலேயே ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுக் கேட்டுக் கொடுத்தாராம், பிறகு தெரிந்தது. அந்த அமாவாசைக்கு எங்கள் தெருவில் வாழைக்காய் இல்லாத இலையே இல்லை. துபாயில்தான் பாவம்.

அத்தை பின்வாசலில் உட்கார்ந்து புளி போட்டுக் குத்துவிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பூனை பக்கத்தில் சுருண்டு தூங்கியது. நான் பெட்டியைக் கொண்டுபோய் எதிரே வைத்தேன்.

"பூனே, அஞ்சு கேட்டா பொட்டியே வருது. எங்கிருந்தாம்?"

பூனை எழுந்திருக்கவில்லை. அத்தை ஒரு காயை எடுத்தார். திருப்பினார். அமுக்கினார். காம்பை நகத்தால் கீறிப் பால் வருகிறதா என்று பார்த்தார். மீனம்பாக்கத்துக் கண்ணாடிக்காரர் இவரிடம் பயிற்சிக்கு வரவேண்டும்.

அம்பத்தூர் மார்க்கெட் என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும், முடிந்துபோகும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் நான் வேறு சொன்னேன்.

"எங்க குடோன் காய் அத்தே. பாய் பொறுக்கினாரு. கழுவினது எங்க ஊர் அக்கா. குத்தம்பாக்கந்தான், எங்க தெருவேதான். ஏர்போர்ட்டுல ஆபீசர் எடுத்துப் பாத்தாரு, லோடுக்காரர் தூக்கினாரு. நான் காயிதத்துல தப்பா எழுதிட்டேன், அதனால ஏத்த மாட்டேன்னு திருப்பிட்டாங்க. கடைசியா நான் தூக்கியாந்தேன்."

விளக்குத் தேய்க்கிற கை நின்றது.

"இன்னா தப்பா எழுதுனே?"

பூனையைப் பார்த்துக் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார். இரண்டு வருடத்தில் முதல் தடவை.

"நீங்க அன்னைக்கிச் சொன்ன வரிசையப் பாத்து எழுதினேன் அத்தே. அந்த வேகத்துல வாழக்காயையும் கெழங்குன்னு எழுதிட்டேன்."

அத்தை என்னை உற்றுப் பார்த்தார். பிறகு வாய் கோணியது, தோள் ஆடியது, புளிக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டார். "அடிப் பாவி! வாழக்காயப் போயி கெழங்குன்னு எழுதினியா! படிச்ச பொண்ணுன்னு சொன்னானேடீ அவன்!" என்று சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவருக்கு மேல்வரிசையில் ஒரு பல் இல்லை என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

சிரித்து முடித்து, பெட்டியிலிருந்து ஐந்து காயைப் பொறுக்கித் தனியாக வைத்தார். "காலையில குளிச்சிட்டு வந்து நீயே நறுக்கிடு" என்றார்.

நான் பேசாமல் தலையை ஆட்டியிருக்க வேண்டும். ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? இரண்டு வருடம் அந்தப் படியில் உட்கார்ந்த கோபம் அத்தனையும் அப்போதுதான் வந்து நின்றது.

"வேத்துக் கை படலாமா அத்தே?" என்று கேட்டுவிட்டேன்.

அத்தை விளக்கைத் திருப்பி அடிப்பாகத்தைத் தேய்த்தார். ரொம்ப நேரம் தேய்த்தார்.

"ஆவாதுதான்" என்றார்.

பிறகு, "ஆனா ஆவும்."

காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அன்று எனக்குப் பசிக்கவில்லை.

மறுநாள் விடிவதற்கு முன்னே குளித்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். அத்தை அரிவாள்மணையை விரித்துப் போட்டிருந்தார். நான் உட்கார்ந்து முதல் காயை எடுத்ததும், "இரு" என்றார். நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து குனிந்து, "கைய நீட்டு. கறை புடிக்கும்" என்றார். நீட்டினேன். உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி, இரண்டு கையிலும் விரல் விரலாகத் தானே தடவிவிட்டார்.

பின்வாசல் படியில் பூனை தனியாக உட்கார்ந்திருந்தது.